வந்தியின் கூலியாள்

திருச்சிற்றம்பலம்

ஆவணித் திங்களில் மதுரைமாநகரில் நிகழும் மூலத் திருவிழாவை நம்மவருள் அறியாதார் இலர். அவ்விழாவிற் சொக்கலிங்கப் பெருமானுக்குத் திருமுடி சூட்டுவர், செங்கோல் அளிப்பர். ஆவணி தொடங்கிச் சித்திரைவரை மதுரையை ஆளும் வேந்தன் அப்பெருமானே என்பது அந்நகரத்து வழக்கு. அங்ஙனம் முடிசூடிய வேந்தனையே அவ்விழா நாள்களில் வளையல் விற்போனாகவும், குதிரைச் சேவகனாகவும், விறகு சுமப்போனாகவும், மண் சுமக்குங் கூலியாளாகவும் அந்நகரத்தார் கண்டு கைகூப்புகின்றனர். திருவாதவூரினின்று மணிவாசகப் பெருமானும், திருப்பரங்குன்றத்தினின்று முருகப் பெருமானும் இவ்விழாவின்பொருட்டு மதுரைக்கு எழுந்தருளுவர். பிட்டுத் திருவிழாவன்று வைகைக் கரையை அடுத்த புட்டுத்தோப்பிற்குச் சுவாமியும் அம்மையும் புறப்படுங்கால், மேலூரிலும் திருமங்கலத்திலும் வாடிப்பட்டியிலும் நின்று வந்த உழவர் பெருமக்கள் வீதி நிறைந்து நிற்பர். அவர்களுள் சிவஞானபோதச் சூத்திரம் ஒன்றேனுங் கேட்டவர் மிகச் சிலரே. ஆயினும், அச்சூத்திரம் உணர்த்தும் பொருள் அவர்கள் கண்முன்னே கூடை சுமந்து செல்கின்றது.

கற்றார் கல்லாதாரோடும், துறந்தார் இல்லத்தாரோடும், சாத்திரம் பயின்றார் ஏர்பிடித்தாரோடும் உளங்கலந்து பழகும் ஆற்றல் எத்தகையது, அஃது எங்ஙனம் வாய்க்கும் என்னும் வினா இன்று நம் மடங்களின் முன்னும் சபைகளின் முன்னும் நிற்கின்றது. எளிய நடையிற் பேசினால் அது வாய்த்துவிடும் என்பார் சிலர். இன்னிசையும் கதையும் கலந்தால் வாய்க்கும் என்பார் சிலர். அது வேண்டுவதேயன்று, சித்தாந்தம் பக்குவர்க்கே உரியது என்பார் வேறு சிலர். மண்சுமந்த திருவிளையாடல் இவ்வினாவிற்குத் தெளிந்த விடை தருகின்றது என்பதும், அவ்விடை நம் சித்தாந்தத்தின் உயிர்நிலையோடு ஒன்றியது என்பதும் ஈண்டு நாம் கூறப் புகுந்த பொருளாகும்.

பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தில் மண்சுமந்த படலம் 61-ஆவதாக உள்ளது. குதிரை வாங்கக் கொண்ட பொருளைத் திருப்பெருந்துறையிற் சிவப்பணிக்குச் செலவிட்ட வாதவூரரை அரிமர்த்தன பாண்டியன் ஒறுக்க, வைகை பெருக்கெடுத்தது. நகரை நீர் கொள்ளாதவாறு கரையைப் பகுதி பகுதியாக அளந்து, குடிக்கு ஒரு பங்காக அடைக்குமாறு அரசன் ஆணையிட்டான். பிட்டு அவித்து விற்று வயிறு வளர்க்கும் முதியவள் ஒருத்திக்கும் ஒரு பங்கு வந்தது. அவளுக்கு மக்கள் இலர், சுற்றம் இல்லை, ஆள் வைத்து அடைக்கப் பொருளும் இல்லை.

இக்கதையின் அடிநிலம் நம் நாட்டு உழவர் நன்கறிந்ததொன்று. மதுரைச் சமவெளி கண்மாய்களால் வாழ்வது. 1895-இல் முல்லைப் பெரியாற்றணையின் நீர் மேற்கு மலையைக் கடந்து இச்சமவெளிக்கு வந்த பின்னரும், மேலூர்ப் பக்கத்து வயல்கட்குக் கண்மாய்க் கரையே காவலாக நின்றது. கரை உடைந்தால் ஊரார் யாவரும் மண்வெட்டி எடுத்து வரவேண்டும் என்பது தொன்றுதொட்ட முறை. அதற்குக் குடிமராமத்து என்று பெயர். ஆங்கில ஆட்சியார் இவ்வழக்கத்தினை 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டத்தினாலே சட்டமாகவும் ஆக்கினர். 2017-இல் தமிழக அரசு அப்பழம்பெயராலேயே கண்மாய்ப் பணியைப் புதுப்பித்தது. ஊருக்குப் பொதுவான கரையை ஊரார் பங்கிட்டு அடைத்தல் நேரிய முறையே. ஆயினும், நால்வர் மக்களையுடைய வீட்டிற்கும், ஒருவருமில்லா முதியவள் வீட்டிற்கும் ஒரே அளவு மண் என்னும்போது, நேரிய முறையே துணையிலார்மேற் கொடுஞ்சுமையாக வீழ்கின்றது. அரசன் அநீதி செய்தான் அல்லன்; அவன் கணக்கில் அவள் ஒரு குடி. ஆனால், அக்கணக்கினுள் அவள் முகம் இல்லை. பெருமான் எழுந்தருளிய இடம் அதுவே என்பதனை நாம் உளங்கொள்ளல் வேண்டும்.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. வந்தி என்னுஞ் சொற்கு மகப்பேறற்றவள் என்பதே பொருள். அஃது அவள் பெற்றோர் இட்ட பெயராக இருத்தல் அரிது. ஊரார் அவளது குறையைச் சுட்டி அழைத்த சொல்லே அவட்குப் பெயராக நின்றது போலும். உலகம் ஒருத்தியைக் குறையினால் அறிந்தது; இறைவன் அவளைப் பிட்டினால் அறிந்தான். பொதுமக்களை அவர்பால் இல்லாதன கொண்டு அளப்பதற்கும், உள்ளன கொண்டு அறிவதற்கும் உள்ள வேறுபாடு இவ்வளவே. “இவர்க்குக் கல்வி இல்லை, ஆசாரம் இல்லை, தத்துவ உணர்வு இல்லை” என்று எண்ணிக்கொண்டு அணுகுவோன் வந்தியின் வீட்டு வாயிலை ஒருநாளும் காணமாட்டான்.

இனி, அக்கூலியாளின் செயல்களுள் மூன்றனை எடுத்து ஆராய்வோம்.

முதலாவது, அவன் கூலி கேட்டு வந்தான். தலையிற் சும்மாடும், தோளில் மண்வெட்டியும், கையிற் கூடையுமாக, வேலை கொள்வார் உளரோ என்று வினவிக்கொண்டு தெருவில் வந்தான். பொன்மாரி பொழிந்து அவள் துயரைப் போக்குதல் அவனுக்கு அரிதன்று. அங்ஙனம் செய்திருப்பின் அவள் பெறுவோளாகவே நின்றிருப்பாள். பசித்தவனாக வந்து பிட்டு வேண்டியமையால் அவள் கொடுப்போளாயினாள். வேலை வாங்கும் தலைவியாயினாள். உதிர்ந்த பிட்டே கூலி என்று பேசி முடித்ததாகவும், அன்று அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்தே போனதாகவும் மதுரை மக்கள் இன்றும் சொல்லி மகிழ்வர். எளியாரிடத்து அளவளாவ விரும்புவோன் முதற்கண் அவர் கையினின்று ஒன்றை ஏற்க அறிதல் வேண்டும். கொடுக்க மட்டுமே அறிந்தவன் எத்துணை இன்சொல் கூறினும், திண்ணைமேல் நின்று தெருவிற் பேசுவோனாகவே இருப்பான்.

இரண்டாவது, அவன் அவளது பங்கை ஏற்றான். அரசனிடஞ் சென்று அவள்பொருட்டுப் பரிந்து பேசவில்லை. வெள்ளத்தைத் தன் ஆணையால் நிறுத்தவில்லை. அவளுக்கென்று அளந்து விட்ட அந்தச் சிறு கரைக்குச் சென்று மண்ணை வெட்டிக் கூடையில் ஏற்றினான். ஏனைக் கூலியாளரோடு கூடி ஆடினான், பாடினான், களைத்து உறங்கினான். அவனைக் கண்ட பிறர் இவன் வேலை செய்யாதவன் என்று நகைத்தனரேயன்றி, நம்மில் ஒருவன் அல்லன் என்று ஐயுற்றார் இலர்.

மூன்றாவது, அவன் அடிபட்டான். வந்தியின் பங்கு அடைபடாமை கண்ட பாண்டியன் பிரம்பால் ஓங்கி அடிக்க, அவ்வடி அரசன்மேலும், அரசியர்மேலும், அமைச்சர்மேலும், எல்லா உயிர்கள்மேலும் பட்டது. பிறர் துன்பத்தைக் கரையிலிருந்து கண்டு இரங்குதல் ஒன்று. அவர்மேல் வரும் அடி தன்மேல் வீழும் இடத்தில் நிற்றல் பிறிதொன்று. அவ்வடி எல்லார்மேலும் பட்டதன் உட்பொருளைச் சித்தாந்தம் உணர்ந்தோர் எளிதில் அறிவர். இறைவன் உயிர்களோடு ஒன்றாயும், வேறாயும், உடனாயும் நிற்றலே அத்துவிதம் எனப்படும். அவ்வரிய பொருளை வைகைக் கரையில் ஒரு பிரம்படி மதுரை முழுமைக்கும் ஒரு நொடியில் உணர்த்தியது. கூலியாள் முதுகும் அரசன் முதுகும் வேறல்ல என்பதனை அரசன் தன் முதுகினாலேயே கற்றான்.

இம்மூன்றும் புராணக் கதையளவில் நிற்பனவல்ல. சித்தாந்த சாத்திரம் கூறும் குருவருளின் முறையே இதுதான். உயிர்கள் விஞ்ஞானகலர், பிரளயாகலர், சகலர் என மூவகைப்படும். ஆணவம் ஒன்றேயுடைய விஞ்ஞானகலர்க்கு இறைவன் உள்நின்று தன்மையில் உணர்த்துவன். ஆணவமும் கன்மமும் உடைய பிரளயாகலர்க்கு மான் மழு முதலியவற்றோடு கூடிய தன் திருமேனி காட்டி முன்னிலையில் உணர்த்துவன். மும்மலமும் உடைய சகலர்க்கோ, அவரைப் போன்ற மானிட வடிவில் தன்னை மறைத்துக்கொண்டு ஆசானாக வந்து படர்க்கையில் உணர்த்துவன். கேட்போர் நிலை தாழத் தாழ, உணர்த்துவோன் மேலும் மேலும் இறங்கி வருகின்றான் என்பது இதனாற் பெறப்படும். “நீ என் நிலைக்கு ஏறி வா” என்று சகலரை நோக்கிப் பெருமான் கூறினானல்லன். நாம் அனைவரும், சாத்திரம் பயின்றோர் உட்பட, சகலர் வகுப்பினரே. ஆதலின், அவன் இறங்கி வாராதிருப்பின் நமக்கும் இச்சாத்திரம் கிட்டியிராது.

மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரத்தில் ஐம்புலன்களாகிய வேடரிடத்து வளர்ந்து தன்னை மறந்த உயிரைக் கூறுவர். வேடர் குடியில் வளர்ந்த அரச குமரனுக்கு அவன் பிறப்பை உணர்த்த வேண்டுமாயின், உணர்த்துவோன் அவ்வேடர் சேரிக்கே செல்லுதல் வேண்டும். அரண்மனை மாடத்திலிருந்து ஓலை விடுத்தாற் போதாது. அக்குமரனுக்கு ஓலை படிக்கவும் தெரியாது. உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் அருளுருநிலை என்னும் அதிகாரத்துள், விலங்கைப் பிடிப்போர் அவ்வினத்து விலங்கையே பார்வையாக நிறுத்திப் பிடித்தலைக் காட்டி, இறைவன் மானிடப் போர்வை கொண்டு வருதலை விளக்குவர். இனத்தை இனமே ஈர்க்கும். அயலானாக நிற்கும்வரை ஆசான் ஆசானாகான்.

இன்னுமொரு செய்தியை நம் புலவர் பெருமக்கள் எண்ணிப் பார்த்தல் நன்று. நமது சாத்திரங்கள் அரும்பொருள்களை எவற்றால் விளக்குகின்றன? ஆணவம் உயிரோடு அநாதியாய் நிற்றலைச் செம்பிற் களிம்பால் விளக்குகின்றன. அது கன்னான் பட்டறையிற் கண்டது. மும்மலங்களை நெல்லின் முளையும் தவிடும் உமியும் கொண்டு விளக்குகின்றன. அஃது உரலடியிற் கண்டது. உலகத்திற்கு முதல், துணை, நிமித்தம் என்னும் மூன்று காரணங்களை மண்ணும் திகிரியும் குயவனும் ஆகிய உவமையால் விளக்குகின்றன. அது குயவர் தெருவிற் கண்டது. மலத்தை மாயையாகிய மலத்தாலேயே கழுவுவது எங்ஙனம் என்னுங் கடாவிற்கு, ஆடையின் அழுக்கைச் சாணியும் உவரும் இட்டுப் போக்கும் வண்ணானைக் காட்டி விடையிறுத்தார் அருணந்தி சிவாசாரியர். அஃது ஆற்றங்கரைத் துறையிற் கண்டது. உழவனும் குயவனும் கன்னானும் வண்ணானும் தந்த உவமைகளை எடுத்துவிட்டால் நம் சாத்திரங்களிற் பாதி பேசாதொழியும்.

பொருளைப் போலவே பாவடிவமும் அவர்பாற் பெற்றதே. பெண்டிர் காய் எறிந்து ஆடிய அம்மானையும், பொற்சுண்ணம் இடித்த பாட்டும், பூக்கொய்த பாட்டும், ஊசற்பாட்டும், சாழலும், தோணோக்கமும் திருவாசகத்துள் பதிகங்களாயின. பெருமான் மதுரையில் மண் சுமந்து அடியுண்ட செய்தியையே மணிவாசகர் அம்மானைப் பாட்டில் வைத்துப் பாடினார். சாத்திரம் பதினான்கனுள் முதலாவதாகிய திருவுந்தியாரும் மகளிர் உந்திபறந்து ஆடும் ஆட்டப்பாட்டின் வடிவிலேயே திருவியலூர் உய்யவந்த தேவநாயனாரால் அருளப்பெற்றது. அதன் 45 பாட்டும் சிவஞானப் பிழிவு. நம் முதற்சாத்திரத்தின் மெட்டு முற்றத்தில் ஆடிய பெண்களுடையது. ஆகவே, சித்தாந்தம் பொதுமக்களிடத்தில் வாங்கிய கூலி பெரிது. உவமை வாங்கிற்று, மெட்டு வாங்கிற்று, சொல் வாங்கிற்று. பிட்டைத் தின்ற கூலியாள் மண் சுமந்தான். அவர்களின் உவமையை உண்ட நாம் அவர்களின் பங்கை அடைத்தல் கடனாகும்.

“தகுதியில்லார்க்கு ஞானங் கூறல் ஆகாது என்று நூல்கள் விலக்குமன்றோ?” எனின், அவ்விலக்கு மெய்யே. ஆனால், தகுதியாவது யாது? சத்திநிபாதம் என்பதே சித்தாந்தம் கூறும் தகுதி. அது மந்தம் முதலாக நால்வகைப்பட்டு உயிரின் பக்குவம் நோக்கி நிகழ்வது. பிறப்பும் கல்வியும் பொருளும் நோக்கி நிகழ்வதன்று. அது யார்மாட்டு நிகழ்ந்துள்ளது என்பதனைப் பழகாமல் அறிதல் எங்ஙனம்? உமாபதி சிவாசாரியரின் வரலாறாக வழங்குவதை நோக்குக. தில்லைவாழந்தணர் மரபிற் பல்லக்கேறிச் சென்ற அப்பெரியார், மறைஞான சம்பந்தரைப் பின்தொடர்ந்து சென்றார். அவ்வாசான் நெய்வார் வீட்டில் வார்த்த கூழைக் கைகளில் ஏந்திப் பருக, முழங்கை வழி ஒழுகிய கூழைத் தாம் ஏற்றுப் பருகினார். ஞானம் அவர்க்குக் கிட்டிய வழியில் ஒரு நெய்வார் வீட்டுக் கூழ்க்கலம் இருந்தது. பின்னர் அவர் மடத்திற்கு விறகு கொணர்ந்த பெற்றான் சாம்பானுக்கு இறைவன் திருமுகம் விடுத்துப் பரிந்துரைக்க, உமாபதியார் தீக்கை அளித்து முத்தியடைவித்தார் என்பதும் மரபு. விறகு கொணர்ந்தவனிடத்துச் சிவபோகம் பக்குவப்பட்டு நின்றதை மடத்தில் இருந்தோர் அறிந்திலர், இறைவன் அறிந்தான். தகுதி பார்த்தே கூறுவோம் என்பார், விறகு கொணர்வார் முகத்தையும் ஒருமுறை பார்த்தல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

மதுரை நகரம் அணிமைக் காலத்திலும் இப்பாடத்தினை உலகிற்குக் காட்டியுள்ளது. 1921-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள், மேலமாசி வீதியில் ஒரு வீட்டு மாடியில் தங்கியிருந்த காந்தியடிகள் தம் முழு உடையைக் களைந்து அரையிற் சிறு துணியோடு வெளிவந்தார். அதற்கு முன்னர் இரயில் வண்டியிற் கண்ட ஏழை மக்களிடம் கதர் உடுக்குமாறு அவர் கூற, அதனை வாங்கும் ஆற்றல் எமக்கு இல்லை என்று அவர்கள் விடையிறுத்தனர். அவர் மொழிந்த அறிவுரை நல்லதே. சொல்லிய முறையும் இனியதே. ஆயினும், அவ்வறிவுரைக்கும் கேட்டார் செவிக்கும் இடையே அவர் அணிந்திருந்த ஆடை நின்றது. சொல்லை மாற்றாமல் அவர் ஆடையை மாற்றினார். காந்தியடிகள் சைவாசாரியர் அல்லர். அவர் நெறி வேறு. ஆயினும், தடை நம் சொல்லிலன்றி நம் நிலையிலேயே இருத்தல் கூடும் என்பதனை அம்மேலமாசி வீதி நிகழ்ச்சி நன்கு விளக்குகின்றது.

அந்நகரத்துத் திருக்கோயிலே எல்லார்க்கும் திறவாதிருந்த காலமும் உண்டு. 1939-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8-ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட வகுப்பினரை உடனழைத்துக்கொண்டு மீனாட்சியம்மை திருக்கோயிலுட் புகுந்து வழிபட்டார். கோயிலின் நிருவாக அதிகாரியாக இருந்த ஆர். எஸ். நாயுடு அதற்குத் துணைநின்றார். அவ்வழி திறந்த பின்னரே, 1946-இல் காந்தியடிகள் அக்கோயிலுள் வந்து வணங்கினார். வந்தியின் கூடையைச் சுமந்த பெருமானின் வாயிலில் மண்வெட்டி பிடிப்பார் பலர் 1939 வரை வெளியே நின்றனர் என்பதனை நினைக்குந்தோறும் உள்ளம் வருந்தும். வாயில் திறந்தது, சட்டமும் துணைநின்றது. ஆயின், கோயில் வாயில் திறந்ததுபோல் ஞான நூலின் வாயிலும் அவர்கட்குத் திறந்ததா என்பதே இன்று நாம் வினவிக்கொள்ள வேண்டுவது. முன்னது ஒரு நாளிற் செய்யத்தக்கது. பின்னது தலைமுறைதோறும் செய்ய வேண்டுவது.

ஈண்டு ஒரு மயக்கம் நிகழாதிருத்தல் வேண்டும். இறங்குதல் வேறு, பொருளைத் தாழ்த்துதல் வேறு. கூட்டத்தாரின் நகைப்பையும் கைத்தட்டலையும் வேண்டிப் பொருளைக் குறைத்தும் திரித்தும் கூறுவோன் அவர்களை மதித்தவனல்லன். உண்மையைத் தாங்கும் வலியில்லாதவர் என்று உள்ளத்தால் இகழ்ந்தவனே. வந்தியின் பிட்டை உண்ட பெருமான் அவளுக்கு அளித்த பயன் சிறிதன்று, சிவலோகமே அளித்தான். கூலியாளாக வந்தமையால் அவன் கொடை குறையவில்லை. எளியவர்க்கு எளிய பொருளே போதும் என்னும் எண்ணமும் ஒருவகைச் செருக்கே. வடிவம் எத்துணை எளியதாயினும் ஆகுக. பொருள் முழுமையாக இருத்தல் வேண்டும்.

மடத்துத் தலைவர் ஒருவர் இவ்விரண்டனையும் ஒருங்கே பேணுதல் கூடும் என்பதற்கு நம் காலத்துச் சான்று உண்டு. மதுரைக்கு வடகிழக்கே காரைக்குடியை அடுத்த குன்றக்குடித் திருவண்ணாமலை ஆதீனத்தை அணிசெய்த தவத்திரு குன்றக்குடி அடிகளார் 1925-இல் தோன்றி 1995-இல் இறைநிழல் எய்தினார். திருமுறையும் திருக்குறளும் அவர் நாவில் ஊருக்கு ஊர் நடந்தன. கடவுள் மறுப்பாளராகிய பெரியார் ஈ. வெ. இராமசாமியோடு கொள்கையில் மாறுபட்டும் நட்பிற் குறைவின்றி ஒரு மேடையில் அமர்ந்தார். குன்றக்குடியில் ஊரார் தொழிலும் வருவாயும் பெருகுமாறு கிராமத் திட்டம் வகுத்துச் செயற்படுத்தினார். 1982-இல் குமரி மாவட்டத்து மண்டைக்காட்டில் இந்துக்கட்கும் கிறித்தவ மீனவர்க்கும் இடையே கலவரம் மூண்டபோது, அங்குச் சென்று இருசாராரிடையே அமைதி நாடி உழைத்தார். அவர் கருத்துகள் அனைத்தையும் எல்லாச் சைவரும் ஒப்பினர் என்று நாம் கூறோம். ஆயினும், சீலமும் சாத்திரமும் உடைய ஒரு மடாதிபதி கலவரம் நிகழ்ந்த கடற்கரைக்குச் செல்லக்கூடும் என்பதனை அவர் செய்து காட்டினார். மண் உடைந்த இடத்திற் கூடையோடு நிற்றல் என்பது இதுவே.

ஆதலின், மடத்து அன்பர்கட்கும் சபையார்க்கும் நாம் விண்ணப்பித்துக்கொள்வன சில உள. ஊர்தோறும் சென்று விரிவுரை நிகழ்த்துவோர், பேசத் தொடங்குமுன் அவ்வூரார் சொல்வதை ஒரு பொழுதேனும் கேட்பாராக. அவ்வூரில் எக்கண்மாய் உடைந்தது, எப்பயிர் கருகியது, எவ்வீட்டில் துயரம் நிகழ்ந்தது என்று அறிந்தபின் திருமுறை ஓதினால், அவ்வோத்து செவியோடு நில்லாது. சாத்திர உவமைகளைக் கூறுமிடத்து, அவ்வுவமைக்குரிய தொழிலாளரையே முன்னிருத்தி வினவுவாராக. களிம்பைப் பற்றிக் கன்னானும், தவிட்டைப் பற்றி நெற்குத்திய மூதாட்டியும் கூறும் விளக்கம் உரையாசிரியர்க்கும் புதிதாக இருத்தல் கூடும். மாகேசுவர பூசையில் அமுது படைக்கும் மடங்கள், எளியார் இல்லத்திற் படைக்கும் கூழையும் ஏற்கத் தயங்காதிருப்பனவாக. தீக்கை பெற விழைவோரிடத்து வினவத்தக்கது அன்பின் அளவே என்பது மறவற்க. பிட்டுத் திருவிழாவிற்குப் பல்லாயிரவர் கூடும்போது, அவர் கண்டு மகிழும் அக்கூலியாளே சகலர்க்கு மானிட வடிவில் வரும் குரு என்பதனை அவ்விடத்திலேயே, அவர் மொழியிலேயே, நாலே வார்த்தையிற் சொல்ல வல்ல அடியவர் சிலரையேனும் நம் கழகங்கள் பயிற்றுவனவாக. அந்நாலு வார்த்தைக்கு நாற்பதாண்டுப் பயிற்சி வேண்டுமாயின், அப்பயிற்சியே சிவபூசையாகும்.

இவ்வாற்றல் நாவன்மையால் வருவதன்று. முகமலர்ச்சி ஒன்றனாலும் வருவதன்று. அப்பரடிகள் உழவாரப் படையைக் கையில் ஏந்தித் திருக்கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கியவாறே பதிகம் பாடினார். கை தொழில் செய்ய, நா தமிழ் பாடிய அவர் பதிகங்கள் இன்றும் கல்லாதார் நாவில் நின்று வாழ்கின்றன. அடியார்க்கு அடியராகும் உள்ளமே இவ்வாற்றலின் வித்து. ஏற்றலும், பங்கு சுமத்தலும், உடன் அடிபடுதலும் அவ்வித்தின் முளைகள். அவ்வுள்ளம் யார்க்கு வாய்க்கின்றதோ அவர்க்குச் சொல் தானே வந்து சேரும். வாய்க்காதார்க்கு ஆயிரம் நூல் கற்றும் கேட்போர் சேரார்.

வைகையில் வெள்ளம் இன்று முன்போல் வருதல் அரிதாயினும், உடைந்த கரைகள் ஊர்தோறும் உள. ஒவ்வொரு கரையிலும் தன் பங்கை அடைக்க ஆளின்றி ஒரு வந்தி காத்திருக்கின்றாள். அவள் அடுப்பிற் பிட்டு வெந்துகொண்டிருக்கின்றது. கூலிக்குச் செல்ல ஒருப்படுவார் எழுக.

திருச்சிற்றம்பலம்